கொடுக்கும் கை தாழட்டும்!

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள். எவரெஸ்ட் உச்சியிலே இருவர் நின்றனர். பார் புகழ்ந்தது! பத்திரிகைகள் பாமாலை சூட்டின! பட்டம் தந்தனர், பதக்கம் அணிவித்தனர், தபால் தலை வெளியிட்டனர். அந்த இருவரிலே ஒருவர், நியூசிலாந்து நாட்டிலே தேனீ வளர்த்துப் பிழைத்த எட்மண்ட் ஹிலாரி. மற்றவர் ஷெர்ப்பா இனத்தின் சீரிய செல்வன் டென்சிங் நார்கே. உலகின் உச்சியிலே அவர்கள் நின்ற நேரம் ஏறத்தாழக் கால் மணி!

எட்டு ஆண்டுகள் உருண்டோடின. அதே மலையின் மடியிலே, உருளைக்கிழங்கு விளையும் கழனிகளுக்கு நடுவே, பள்ளிக்கூடம் ஒன்று எழுந்தது. அதற்கு இன்று வயது அறுபதைக் கடந்துவிட்டது. கால் மணி நேரத்து வெற்றியைப் பாடப் பாவாணர் ஆயிரம் பேர். அறுபது ஆண்டுகள் நிலைத்த வெற்றியை எடுத்துரைக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது! அதனால்தான், தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமையை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

"நமக்கும் நேபாளத்துப் பள்ளிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்நாளிலே, அயல்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்குத் துணை நிற்க வேண்டும் என்ற ஆர்வம் எங்கும் பரவியிருக்கிறது. ஒரு பள்ளி இன்னொரு நாட்டுப் பள்ளியைத் தோழமைப் பள்ளியாக ஏற்கிறது. ஒரு குடும்பம், கண்டறியாத ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை மாதந்தோறும் அனுப்புகிறது. சங்கங்கள் நிதி திரட்டுகின்றன. நல்ல நெஞ்சங்கள்! வாழ்க! ஆனால் நல்ல நெஞ்சம் மட்டும் போதுமா? கொடுக்கும் கை மேலே இருக்கும், வாங்கும் கை கீழே இருக்கும் என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறார்களே, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டுமா? ஒரு பிள்ளைக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டு, அதன் நிமிர்ந்த தலையை எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் உதவியா?

இந்தக் கேள்விக்கு விடை கும்ஜுங்கிலே இருக்கிறது. கும்ஜுங் என்பதுதான் அந்தச் சிற்றூரின் பெயர்.

* * *

முதலிலே அந்த நாட்டின் இருளைப் பாருங்கள். 1846 முதல் 1951 வரை, நூறாண்டுக்கு மேலாக, நேபாளத்தை ஆண்டவர்கள் ராணாக்கள். மகுடம் மன்னர் தலையிலே, அதிகாரம் ராணாக்கள் கையிலே! 1854இல் காட்மாண்டுவிலே பள்ளி திறந்தார் ஜங் பகதூர் ராணா. ஆகா, அறிவொளி ஏற்றினாரே என்று அவசரப்பட்டு வாழ்த்திவிடாதீர்கள்! அந்தப் பள்ளி யாருக்கு? ராணாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு! ஊரார் பிள்ளைகளுக்கோ ஏர் உண்டு, மாடு உண்டு, சுமை உண்டு. ஏடு மட்டும் கிடையாது. படித்தவன் கேள்வி கேட்பான், கேள்வி கேட்பவன் கொற்றக்குடையின் கம்பை அசைப்பான் என்பதை ஆதிக்கக்காரர்கள் எந்த நாட்டிலும் எளிதிலே புரிந்துகொள்கிறார்கள். ராணாக்களின் ஆட்சி சாய்ந்த பிறகு, 1950களின் தொடக்கத்திலே தலைக்கணக்கு எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான்! நூறாண்டு ஆட்சியின் மதிப்பெண் பட்டியல் அது.

நாட்டின் நிலையே அதுவென்றால், 3,790 மீட்டர் உயரத்திலே இருக்கும் கும்ஜுங்கின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! சாலை இல்லை, மருத்துவர் இல்லை, பள்ளி இல்லை. மலையேற வந்த வெளிநாட்டார் அனைவரும் ஷெர்ப்பாக்களைத் தேடினர். எதற்கு? மூட்டை தூக்க! அந்தத் தோள்களின் வலிமையை உலகம் அளந்து வியந்தது. தோள்களுக்கு மேலே ஒரு தலை இருக்கிறதே, அந்தத் தலைக்குள்ளே ஓர் அறிவுப்பசி இருக்கிறதே, அதை அளந்தவர் உண்டா?

அளக்கும் நாள் வந்தது; ஆனால் வேடிக்கையான வழியிலே வந்தது. 1960ஆம் ஆண்டு ஹிலாரி மீண்டும் இமயம் வந்தார். உயரமான இடத்திலே மனித உடல் எப்படித் தாங்குகிறது என்று ஆராய்வது ஒரு வேலை. யெட்டி எனும் பனிமனிதன் உண்டா இல்லையா என்று துப்புத் துலக்குவது இன்னொரு வேலை! கலைக்களஞ்சியம் வெளியிடும் சிகாகோ நகர நிறுவனம் ஒன்று செலவை ஏற்றது. கும்ஜுங் மடாலயத்திலே, யெட்டியின் தலைத்தோல் என்று ஊரார் போற்றிக் காத்த பொருள் ஒன்று இருந்தது. அதை இரவல் கேட்டார் ஹிலாரி. ஊரார் இணங்கினர், ஆனால் ஊர்ப் பெரியவர் குன்ஜோ சும்பி அதனுடன் துணைக்குப் போனார். சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று பயணம் செய்தது அந்தத் தோல். அறிஞர்கள் உருட்டிப் பார்த்தனர், புரட்டிப் பார்த்தனர், உதட்டைப் பிதுக்கினர். மலையாட்டினத்து விலங்கொன்றின் தோலிலே வடிவமைத்தது என்று முடிவு கூறினர்.

பனிமனிதன் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று! "உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று ஹிலாரி ஷெர்ப்பாக்களைக் கேட்டார். பணம் கேட்கவில்லை அவர்கள்.  தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றனர். பனிமனிதனைத் தேடி வந்தவர், பள்ளிப் பிள்ளையைக் கண்டெடுத்தார்!

இந்த இடத்திலே சற்று நில்லுங்கள் தோழர்களே! அவர் கேட்டார், அவர்கள் சொன்னார்கள். இந்த வரிசையை மனத்திலே பொறித்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு இதுதான் தேவை" என்று வெளியூரான் வந்து தீர்ப்பளிக்கவில்லை. ஊர் வாய் திறந்து கேட்டது. வந்தவர் காது திறந்து கேட்டார். முதல் பாடம் இதுதான்.

அலுமினியத் தகடுகளாலான கட்டடத்தின் பகுதிகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு விமானத்திலே மலைக்கு வந்தன. விமானம் இறங்கிய திடலிலிருந்து கும்ஜுங் வரை அவற்றைச் சுமந்தவர்கள் ஊரார். 1961 ஜூன் மாதத்திலே தெங்போச்சே மடாலயத் தலைமைத் துறவி வந்து வாழ்த்த, பள்ளி திறந்தது. ஆசிரியர் யார்? வெள்ளைக்காரரா? இல்லை! டார்ஜிலிங்கிலிருந்து வந்த டெம் டோர்ஜி என்ற ஷெர்ப்பா. பிள்ளைகளின் மொழி அறிந்தவர், பிள்ளைகளின் பாட்டி சொன்ன கதை அறிந்தவர். கட்டடத்துக்கு அயல்நாட்டு உதவி, கரும்பலகைக்கு முன்னே சொந்த இனத்து மனிதர்! இரண்டாவது பாடம் இது.

கும்ஜுங்கிலே மணி அடித்த ஓசை பள்ளத்தாக்கெங்கும் கேட்டது. "எங்கள் ஊருக்கு?" என்று விண்ணப்பங்கள் வந்தன. 1963இலே தாமேயிலும் பாங்போச்சேயிலும் பள்ளிகள் எழுந்தன. அதே ஆண்டு அம்மை நோய் பரவ, பள்ளி கட்ட வந்தவர்களே ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட்டனர். இடம் தந்தது ஊர், கல் உடைத்தது ஊர், மரம் அறுத்தது ஊர். ஹிலாரியும் கூரைமீது ஏறி ஆணி அடித்தார். கட்டுமானப் பொருள் வந்து சேர 1964இலே லுக்லாவிலே விமானத் திடல் அமைத்தனர். மண்ணை இறுக்க உருளை எந்திரம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஷெர்ப்பா ஆண்களும் பெண்களும் கைகோத்து வரிசையாக நின்று, பாட்டுப் பாடி, கால் உதைத்து ஆடினர்! ஆட்டத்திலே அமுங்கியது மண். நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியை நானாகக் கற்பனை செய்திருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று நீங்களே கைகொட்டிச் சிரித்திருப்பீர்கள். நடந்தது அது!

* * *

உதவிக்குத் தொடக்கவிழா நடத்துவது எளிது. தொடர்வதுதான் கடினம். 1966இலே கும்ஜுங்கை அடுத்த குண்டேயிலே மருத்துவமனை திறந்தாயிற்று. அடுத்து பாப்லுவிலே இன்னொன்று. 1975ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், பாப்லுவிலே கட்டட வேலையில் இருந்தார் ஹிலாரி. அவரைக் காணக் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்டனர் அவர் மனைவி லூயிஸும் பதினாறு வயது மகள் பெலிண்டாவும். புறப்பட்ட சிறிது நேரத்திலே விமானம் விழுந்தது. இருவரும் மாண்டனர்.

என்ன சொல்லித் தேற்றுவது அந்த மனிதரை! அந்த மண்ணை இனி மிதியேன் என்று அவர் சொல்லியிருந்தால் உலகில் எவர் குறை கூறியிருப்பர்? ஆனால் அந்த ஆண்டே பாப்லு மருத்துவமனை எழுந்தது. அதற்குப் பின்னும் அவர் வந்தார், மீண்டும் மீண்டும் வந்தார். 2008 ஜனவரியிலே கண்மூடும்போது, அவர் அமைத்த இமாலய அறக்கட்டளையின் துணையால் எழுந்த பள்ளிகள் 25க்கு மேல்! மலையுச்சியிலே கால் மணி நேரம் நின்றவர், மக்களோடு நாற்பத்தேழு ஆண்டுகள் நின்றார். வீரம் எதிலே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

விளைச்சலைக் காண வேண்டாமா? நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு தொடங்கிய கும்ஜுங் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, ஒரு காலத்திலே முந்நூறு மாணவர்களைக் கடந்தது. அங்கே பயின்ற மிங்மா நோர்பு ஷெர்ப்பா, சாகர்மாதா தேசியப் பூங்காவின் காப்பாளரானார். அந்தப் பொறுப்பிலே அமர்ந்த முதல் ஷெர்ப்பா அவர். 2006இலே ஹெலிகாப்டர் விபத்திலே அவரை இழந்தது இமயம். இன்னொரு மாணவர் ஆங் சாங்பு, போயிங் விமானத்தின் ஓட்டியானார்! மற்றொருவர் காமி டெம்பா. குண்டே மருத்துவமனையிலே உதவியாளராக இருந்து, ஃபிஜித் தீவிலே மருத்துவம் பயின்று, அதே மருத்துவமனைக்கு மருத்துவராகத் திரும்பி வந்தார். அயல்நாட்டு மருத்துவர்கள் அமர்ந்த நாற்காலியிலே அந்த ஊர்ப் பிள்ளை அமர்ந்தார். இதைவிடச் சிறந்த முடிவுக் காட்சி எந்த நாடகத்துக்கு வாய்க்கும்!

* * *

இனி, எதிர்ப்பக்கத்தையும் காட்டாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

அமெரிக்க மலையேறி ஒருவர் இருந்தார். கிரெக் மார்ட்டென்சன் என்று பெயர். பாகிஸ்தானின் வடமலையிலே பள்ளி கட்டப் போனார். 2006இலே அவர் கதை நூலாக வந்து இலட்சக்கணக்கிலே விற்றது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உண்டியலிலிருந்து செப்புக்காசுகளைத் திரட்டி அவர் அமைப்புக்கு அனுப்பினர். பிஞ்சுக் கைகள் கொடுத்த காசு! 2011இலே அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஏறத்தாழ முப்பது பள்ளிகளை ஆராய்ந்தது. அவற்றிலே பாதியளவு வெறுமையாகக் கிடந்தன, அல்லது பிறர் கட்டியவையாக இருந்தன, அல்லது அந்த அமைப்பிடமிருந்து எந்தத் துணையும் பெறாதவையாக இருந்தன என்று அறிவித்தது. 2012இலே மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்து, பத்து இலட்சம் டாலருக்கு மேல் மார்ட்டென்சன் அமைப்புக்குத் திருப்பித் தர வேண்டும் என்று உடன்பாடு செய்தார். அறப்பணத்திலே நூல் விளம்பரமும் பயணமும் நடந்திருந்தன!

அவர் கட்டிய பள்ளிகளிலே பிள்ளைகள் பயின்றவையும் உண்டு, மறைக்கவில்லை நான். ஆனால் கோளாறு எங்கே பிறந்தது? திரைச்சீலையிலே அரண்மனை எழுதித் தொங்கவிட்டால் மேடைக்கு அரசன் வந்துவிடுவானா? ஆசிரியர் இல்லாத கட்டடமும் எழுதிய திரைச்சீலைதான். படம் பிடிக்க அழகாக இருக்கும், பாடம் நடக்காது! கும்ஜுங்கிலே ஊர் முன்னே நின்றது, ஹிலாரி பின்னே நின்று ஆணி அடித்தார். இங்கேயோ கதாநாயகன் முன்னே நின்றார். ஊர் பின்னணித் திரையாயிற்று.

பிள்ளைக்குப் புரவலர் ஆகும் திட்டத்தையும் பாருங்கள். 1937இலே ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரிலே அனாதையான குழந்தைகளுக்காக அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு பிள்ளையின் நிழற்படம், ஒரு கடிதம், மாதம் ஒரு தொகை. 1998இலே சிகாகோ டிரிப்யூன் ஏட்டார் இந்தப் பணம் போகும் வழியைத் தொடர்ந்து சென்றனர். மாலி நாட்டிலே அவர்கள் தேடிய ஒரு சிறுமி எப்போதோ இறந்துவிட்டிருந்தாள். அவள் பெயரால் பணம் போய்க்கொண்டே இருந்தது! நெஞ்சு பதறுகிறது அல்லவா?

பதறிய நெஞ்சோடு திட்டத்தையே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். 2013இலே வெளியான ஆய்வொன்று, ஆறு நாடுகளிலே பத்தாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்துப் பார்த்தது. ஒரு பெரிய அமைப்பின் துணை பெற்ற பிள்ளைகள், பெறாதவர்களைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியிலே பயின்றிருந்தனர். ஓர் ஆண்டுப் படிப்பு சிறிதா? கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான். ஓர் ஆண்டுப் படிப்பின் விலை என்ன என்பதை எவரும் எனக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே கருவியைக் குறை சொல்வதற்கில்லை; கருவியைப் பிடிக்கும் கையைப் பாருங்கள்.

தோழமைப் பள்ளித் திட்டமும் அப்படித்தான். 1953இலே, எவரெஸ்ட்டை வென்ற அதே ஆண்டிலே, யுனெஸ்கோ 15 நாடுகளைச் சேர்ந்த 33 பள்ளிகளை ஓர் இழையிலே கோத்தது. அதிலே வள்ளல் இல்லை, இரவலன் இல்லை; எல்லாம் பள்ளிகள்! 1964இலே அமெரிக்கப் பீஸ் கோர் தொண்டர் அமைப்பு, பள்ளிக்குப் பள்ளி உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் வழிவந்த இன்றைய திட்டத்திலே ஒரு நிபந்தனை உண்டு. செலவிலே நூற்றுக்கு இருபத்தைந்து பங்கையேனும் உதவி பெறும் ஊரே தர வேண்டும். பணமாக முடியாவிட்டால் உழைப்பாக, மண்ணாக, கல்லாக! கஞ்சத்தனமா அது? அன்று! "இது எங்கள் பள்ளி" என்று ஊர் உரக்கச் சொல்ல அடித்தளம் அந்தக் கால் பங்கு.

* * *

கும்ஜுங் கதையிலும் குறை உண்டு. ஷெர்ப்பாப் பிள்ளை வீட்டிலே பேசியது ஷெர்ப்பா மொழி. பள்ளியிலே கேட்டதோ நேபாளி, பிறகு ஆங்கிலம். 1960 முதல் 1990 வரை நடந்த பஞ்சாயத்து முறை ஆட்சிக்காலத்திலே, ஒரே மன்னர், ஒரே உடை, ஒரே மொழி என்பதே அரசின் முழக்கம். எழுத்தறிவு ஒரு கதவைத் திறந்தது. தாய்மொழி இன்னொரு கதவு வழியே மெல்ல வெளியேறத் தொடங்கியது. மொழி என்றால் என்ன என்று அறிந்த உங்களுக்கு இந்த வலியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், தாய்மொழியிலே கல்வி பெறும் உரிமையை ஒவ்வொரு சமூகத்துக்கும் எழுதித் தந்திருக்கிறது. சட்ட ஏட்டிலே எழுதியதை வகுப்பறையிலே எழுதும் வேலை மிச்சமிருக்கிறது. அயல்நாட்டுப் பள்ளிக்குத் துணை போவோர், ஆங்கிலப் புத்தக மூட்டையை அனுப்புமுன், அந்தப் பிள்ளை அம்மாவிடம் பேசும் மொழியிலே ஒரு புத்தகமேனும் உண்டா என்று கேட்க வேண்டும்!

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. எத்தனை நாளைக்கு வள்ளலை நம்பிப் பள்ளி நடத்துவது? 1971இலே நேபாள அரசு நாட்டிலுள்ள பள்ளிகளைத் தன் பொறுப்பிலே எடுத்தது. குறைகள் ஏராளம், மலையூர்களுக்கு அனுப்பிய ஆசிரியர்கள் போதவில்லை. போதாத இடத்திலே கூடுதல் ஆசிரியருக்கு அறக்கட்டளை ஊதியம் தந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், அடிப்படைக் கல்வி கட்டாயம், அதுவும் இலவசம், உயர்நிலைக் கல்வியும் இலவசம் என்று உரைக்கிறது. 1854இலே அரண்மனைப் பிள்ளைக்குச் சலுகை. 1961இலே அயலவர் தந்த கொடை. 2015இலே குடிமகனின் உரிமை! நேபாளத்துக் கல்வியின் வரலாறு இந்த மூன்று படிகளிலே அடங்கியிருக்கிறது. நல்ல உதவி எது? இரண்டாம் படியிலே நிற்பவனை மூன்றாம் படிக்கு ஏற்றிவிட்டு ஒதுங்குவது. தீய உதவி எது? இரண்டாம் படியிலேயே நிறுத்தி, ஆண்டுதோறும் நன்றிக் கடிதம் எழுதச் சொல்வது!

கடைசியாக ஒரு செய்தி. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், தாமே ஊருக்கு மேலே பனிப்பாறை ஏரிகள் உடைந்தன. சேறும் பாறையும் சீறி வந்தன. வீடுகள் போயின, மருந்தகம் போயிற்று, பள்ளியும் சிதைந்தது. 1963இலே ஊரார் கல் சுமந்து பள்ளி கண்ட அதே தாமே! பட்டப்பகலிலே வந்த வெள்ளமாதலால் உயிர்ச்சேதம் இல்லை, நள்ளிரவிலே வந்திருந்தால்? எண்ணவே நடுங்குகிறது. இமயத்துப் பனி ஏன் உருகுகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செழித்த நாடுகளின் புகையிலே வெப்பம் ஏறுகிறது. அந்தப் புகையிலே தாமே ஊராரின் பங்கு எவ்வளவு? அடுப்புப் புகை அளவு! அப்படியானால், செல்வ நாட்டுப் பள்ளி தாமேயின் பள்ளியை மீண்டும் கட்ட உதவினால், அதை ஈகை என்று எப்படிச் சொல்வது? கடன்காரன் தவணை கட்டுகிறான் என்றல்லவா சொல்ல வேண்டும்!

அதே தாமேயிலே பிறந்தவர் அப்பா ஷெர்ப்பா. தந்தை மாண்டதால் 12 வயதிலே பள்ளியை விட்டுச் சுமை தூக்கப் போனவர். எவரெஸ்ட்டை 21 முறை ஏறியவர். கடைசியாக ஏறியது 2011இலே. அமெரிக்காவிலே குடியேறிய அவர், தாம் பாதியிலே விட்ட அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் ஊதியத்துக்கும் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் தம் அறக்கட்டளை வழியே துணை நின்றார். மதிய உணவின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! மேலிருந்து நீட்டிய கை அன்று அது. அதே கழனியிலே உருளைக்கிழங்கு தோண்டிய கை.

ஆகவே தோழர்களே, உங்கள் சங்கமோ, உங்கள் பிள்ளைகள் பயிலும் பள்ளியோ, அயல்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளியொன்றுக்குத் தோழமைக் கரம் நீட்ட முன்வந்தால், தடுக்காதீர்கள், தட்டிக்கொடுங்கள். ஆனால் முதற்கூட்டத்திலேயே எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். கேட்டது யார்: ஊரா, நாமா? கற்பிப்பது யார்: அந்த மண்ணின் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தவறாமல் போகிறதா, அல்லது கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை மட்டும் போகிறதா? பத்தாண்டு கழித்து உரிமை யாருடையது: ஊருடையதா, அரசின் கடமையாக அது நிலைபெற்றதா, அல்லது நம் உண்டியலை நம்பியே தொங்குகிறதா? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் கொடுங்கள். குறைவாகக் கொடுத்தாலும் ஆண்டுதோறும் கொடுங்கள். கணக்குக் கேளுங்கள், கணக்குக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகள் அங்கே கடிதம் எழுதட்டும். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் எழுதாமல், "பனி உருகுவதை நீங்கள் எப்படி அறிகிறீர்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றும் எழுதட்டும். பெறுபவன் கற்பிக்கத் தொடங்கும் நாளிலேதான் இரு பள்ளிகளும் தோழமைப் பள்ளிகள்!

மூட்டை சுமந்த தோள்களின் மேலே இன்று மருத்துவரின் தலை நிமிர்ந்திருக்கிறது, விமானியின் தலை நிமிர்ந்திருக்கிறது. அந்தத் தலை நிமிர, கொடுத்தவர் குனிந்து ஆணி அடித்தார். கொடுக்கும் கை தாழட்டும்! வாங்கும் கை உயரட்டும்! இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைப்போம்!